கால் படாத இடம்

"எண்ணெய் பட்டுச்சா?"

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சௌக்கியமா, சாப்பிட்டாச்சா எல்லாம் அப்புறம், அதுவும் மனசு இருந்தால். நான் சமையலறைக் குப்பையை ஒரு டப்பாவில் நீட்டுவேன். அவர் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார். ஒரு கத்தரிக்காய்க் காம்பை இரண்டு விரலால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இது வதக்குன கத்தரிக்கா."

"இல்ல அங்கிள். நறுக்கும்போது வந்த காம்பு."

"பளபளன்னு இருக்கே."

"கத்தரிக்கான்னா பளபளன்னுதான் அங்கிள் இருக்கும்."

"பாத்துக்கிடுங்கம்மா. அதுக்கு எண்ணெய் ஆகாது" என்று சொல்லி, நம்பாத முகத்தோடு தன் பக்கெட்டில் கவிழ்த்துக்கொள்வார்.

'அது' என்றால் அவர் வீட்டுப் பின்புறம், கம்பி வலைக்குள் இருந்த மக்குக் குவியல். இடுப்பு உயரம். காய்ந்த இலை, பழத்தோல், காய்கறிக் கழிவு, டீத்தூள் எல்லாம் ஒன்றாகப் போட்டு, வாரம் ஒரு முறை கிளறிவிட்டு, மண்ணாக்குகிற ஏற்பாடு. ஊரில் எருக்குழி என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இவர் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி வளர்த்தார்.

நாங்கள் வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கிக்கொண்டு போனபோது பக்கத்து வீடு அவருடையது. மேலப்பாளையத்துக்காரர். ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிற வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு பிரியாணி வாசனை எங்கள் வீட்டுக் கர்ட்டன் வரை வரும். மட்டன் இல்லாமல் அவருக்கு வாரம் முடியாது. ஆனால் அந்தக் குவியல் சுத்த சைவம். எலும்பு, மீன் முள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பால், தயிர், நெய், எண்ணெய் ஒரு சொட்டுப் படக் கூடாது. சமைத்தது எதுவும் கூடாது. நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில். எங்கள் வீட்டு அடுப்படியில்கூட இவ்வளவு ஆசாரம் பார்த்ததில்லை.

முட்டை ஓடு மட்டும் விதிவிலக்கு. கழுவிக் காயவைத்துப் பொடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். "அப்ப அது சைவம் இல்லையே அங்கிள்" என்று நான் ஒருநாள் மடக்கினேன். "அது கால்சியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீ பைகளில் இருக்கும் குட்டி ஸ்டேப்பிள் பின்னை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். வாழைப்பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, எறிய மனசில்லாமல் பக்கெட் மூடியில் ஒட்டிவைப்பார். அந்த மூடியில் காலி இடமே கிடையாது. ஆபீஸ் போகும்போது காரின் முன் சீட்டில் இன்னொரு பக்கெட் உட்கார்ந்திருக்கும், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. ஆபீஸில் காபி குடித்த சக்கை எல்லாம் அதில் வரும்.

குவியலின் உள்ளே சூடு இருக்க வேண்டும், இருந்தால்தான் மக்கும். அதற்காக நீளமான ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். காலையில் பல் தேய்க்கும் முன்னால் அதைச் சொருகிப் பார்ப்பார். செப்டம்பர் பிறந்து காலைக் குளிர் தொடங்கிவிட்டால் குவியலிலிருந்து லேசாகப் புகை மாதிரி ஆவி வரும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர் மனைவி, நாங்கள் ஆன்ட்டி என்போம், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எனக்குக் காய்ச்சல் அடிச்சா மாத்திரையப் போட்டுட்டுப் படும்பாரு. அதுக்குக் காய்ச்சல் இல்லேன்னா ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வந்துருவாரு. யாரு பொண்டாட்டின்னே தெரியல."

இத்தனை பாடு எதற்கு? வீடு கட்டிய பில்டர் மேல்மண்ணை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டு, செம்மண் கட்டி மேல் புல்லை ஒட்டிவைத்திருந்தான். முதல் வருஷம் அவர் நட்ட தக்காளி முழங்கால் உயரம்கூட வரவில்லை. "வீட்டுக்குக் காசு கொடுத்தேன். மண்ணு வரல. அதான் நானே செய்யுதேன்" என்பார்.

"கடையில மூட்டை மூட்டையா உரம் விக்கிறானே அங்கிள். ஒரு டிரிப் போனா முடிஞ்சுது" என்று நான் சொன்னேன். நாங்கள் குடிவந்த புதிது அது. இரண்டாயிரத்து இரண்டு, இரட்டைக் கோபுரம் விழுந்த மறு வருஷம்.

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். "போனேம்மா. உர மூட்டையத் தூக்கி வச்சேன். கார்டைக் கொடுத்தேன். அவன் கார்டுல பேரைப் படிச்சான். என் மூஞ்சியப் பாத்தான். மூட்டையப் பாத்தான். திரும்பப் பேரைப் படிச்சான். எதுக்கு வம்பு, நான் வாழப்பழத் தோல்ல பாத்துக்கிடுதேன்னு வந்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து என் வீட்டு வாழைப்பழத் தோல் ஒன்றுகூட வேறெங்கும் போனதில்லை.

இனி ஜெயந்தியைச் சொல்ல வேண்டும். தெருக்கோடி வீடு. வெள்ளிக்கிழமை பாராயண குரூப்பை நடத்துகிறவள். பெரிய மனசு, பெரிய பாத்திரம், பெரிய குரல். அவளுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. சாமிக்குச் சாத்திய பூவையும் மிஞ்சிய பிரசாதத்தையும் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது, கால் படாத இடத்தில்தான் சேர்க்க வேண்டும். ஊரில் ஆறு இருக்கிறது, கிணறு இருக்கிறது, மரத்தடி இருக்கிறது. நியூஜெர்சியில் கால் படாத இடத்துக்கு எங்கே போவது? ஒருமுறை ஏரிக்கரைக்குப் பூப்பையோடு போய், பார்க்கைக் காவல் காக்கிறவன் விரட்டி, காருக்கு ஓடிவந்தாள். அதன் பிறகு பூவெல்லாம் அவள் வீட்டு கராஜில் பை பையாகச் சேர்ந்தது. கார் வெளியே பனியில் நின்றது. அவள் கணவன் காலையில் பனியைச் சுரண்டும்போது சாமிகளைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அங்கிள் வீட்டுக் கம்பி வலைக்குள் இருந்த குவியலை ஜெயந்தி பார்த்த நாளில் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. நாலு பக்கமும் வேலி, யாரும் மிதிக்க முடியாது. எல்லாம் கடைசியில் மண்ணோடு மண்ணாகப் போகும். இதைவிடக் கால் படாத இடம் வேறு ஏது?

கேட்டதும் அங்கிள் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் சட்டம் அவருக்கு. "நூலை உருவிட்டுப் பூவை மட்டும் கொண்டாங்க. குங்குமம் கெமிக்கல், தட்டிருங்க. மஞ்சப்பொடி பரவால்ல. திரியில எண்ணெய் இருக்கும், வேண்டாம்." வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எட்டு வீட்டுப் பெண்கள் தட்டில் பூவோடு வரிசையாக வருவார்கள். வேலி வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். முதலில் ஜெயந்தி மட்டும் கழற்றினாள், பிறகு எல்லோரும். நான் சாமி பூதத்துக்கெல்லாம் தலையாட்டுகிறவள் இல்லை. அவ்வளவு செருப்புக்கு நடுவில் ஷூ போட்டுக்கொண்டு நிற்க எனக்கே வெட்கமாக இருந்தது. நானும் கழற்றினேன். ஆன்ட்டி அடுப்படி ஜன்னலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. களிமண் பிள்ளையாரை எங்கே கரைப்பது என்று அடுத்த மாநாடு. ஜெயந்தி நேராகப் பிள்ளையாரையே தூக்கிக்கொண்டு போய் நின்றாள். அங்கிள் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "உருவமா வந்தா எனக்குச் சிக்கல். மண்ணா வந்தா எனக்கு உரம். வீட்லயே கரைச்சு முடிச்சுட்டுக் கொண்டாங்கம்மா."

அடுத்த நாள் ஜெயந்தி பக்கெட் தண்ணீரோடு வந்தாள். அவர் கையை விட்டுத் துழாவினார். "தும்பிக்கை மாதிரி ஏதோ தட்டுப்படுது. இன்னும் ஒருநா ஊறட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜெயந்திக்குக் கோபம் வரவில்லை. "எவ்வளவு சிரத்தை பாரு" என்று என்னிடம் மெச்சிக்கொண்டாள்.

இந்த விளையாட்டெல்லாம் வினையானது இரண்டாயிரத்து ஆறாம் வருஷ நவராத்திரியில்.

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் நவராத்திரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. சாயங்காலமானால் ஆன்ட்டி எட்டு வீட்டுக்கும் நோன்புக் கஞ்சி அனுப்புவார். எட்டு வீட்டிலிருந்தும் அவருக்குச் சுண்டல் போகும். "கஞ்சிக்குத் தொட்டுக்க இதுக்கு மேல என்ன வேணும்" என்று அங்கிள் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்திருந்தன. இலை உதிர்கிற காலம் அவருக்கு அறுவடைக் காலம். அவரவர் வாசலில் வாரிவைத்த இலையை டவுன்ஷிப் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும் முன்னால், இவர் காரில் மூட்டை கட்டிக் கொண்டுவந்து சேர்ப்பார்.

விஜயதசமிக்கு ஜெயந்தி நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அன்றைக்கு நல்ல மழை. இருபது பேர்தான் வந்தார்கள். இரண்டு பெரிய தட்டு மிஞ்சியது. அங்கிளிடம் கேட்டாள்.

"நெய்யா?" என்றார்.

"பிரசாதம் அங்கிள்."

"உங்க சாமிக்கு அது பிரசாதம். இதுக்கு விஷம். ஆகாதும்மா."

அவர் முடியாது என்றால் முடியாது. ஜெயந்தியும் அப்படித்தான். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அவர் ஆபீஸ் போனதும் வேலிக்குள் நுழைந்து, குவியலின் நடுவே பள்ளம் பறித்து, இரண்டு தட்டுப் பொங்கலையும் இறக்கி, மேலே இலையைப் போட்டு மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று ராத்திரியே ரக்கூன் வந்தது. கண்ணைச் சுற்றிக் கருப்பு வளையம் போட்ட அந்தத் திருட்டு ஜந்துவுக்கு நெய் வாசனை எட்டாமல் இருக்குமா? வலையைப் பிரித்து, பொங்கலைத் தோண்டி, தின்றது கொஞ்சம், இழுத்துக்கொண்டு போய் நடைபாதையில் இறைத்தது கொஞ்சம், மிச்சம் குவியலுக்குள்ளேயே. விடிந்ததும் அந்த நடைபாதையில் வந்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. கால் படாத இடத்துக்குப் போக வேண்டியது அவருடைய காலிலேயே அப்பிக்கொண்டது.

அவரை நாங்கள் பிரசிடென்ட் அம்மா என்போம். எழுபது வயதிருக்கும், ஒண்டிக்கட்டை. எதிர்வரிசை டவுன்ஹவுஸில் இருந்தார், வாசலில் சிமென்ட், பின்னால் மரப்பலகை, ஒரு பிடி மண் கிடையாது. ஜூலை வரைக்கும் காலும் வாலும் தொங்கிப்போன ஒரு கிழட்டு நாயோடு நடப்பார். அது வந்தால் அங்கிள் எதிர்ப்பக்கம் போய்விடுவார், தொழப்போகிற உடுப்பில் நக்கிவிடக் கூடாதே என்று. ஜூலையில் நாய் போய்விட்டது. பிறகும் அதே நேரத்துக்கு அதே சுற்று நடந்தார். தனியாக நடப்பதால் எல்லார் வீட்டுத் தப்பும் அவர் கண்ணில் பட ஆரம்பித்தது.

ஒரு கையில் ஷூவோடு அவர் அங்கிள் வீட்டு வாசலில் நின்றார். குவியலைத் தான் இத்தனை நாள் பார்த்தும் பார்க்காதது போல இருந்ததாகவும், சாப்பாட்டை வெளியே குவிப்பது சங்க விதிக்கு விரோதம் என்றும், சனிக்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பதாகவும், உள்ளே சாப்பாடு இருந்தால் இந்த இலை லாரியிலேயே முழுக் குவியலையும் ஏற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

"என் குவியல்ல சாப்பாடு இருக்காது மேடம்" என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். பிறகு போய்க் குவியலில் மூக்கை வைத்தார். நோன்பு வைத்த மூக்கு.

என் வீட்டுக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஏலக்கா" என்றார். "நெய்யி. பச்சக் கற்பூரம் வேற."

"ஜெயந்தியாத்தான் இருக்கும். நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன் அங்கிள்."

"கேட்டு என்னத்துக்கு. நாலு வருசத்து மண்ணும்மா. லாரில ஏத்தி எங்கயோ கொட்டிருவாங்க. அடுத்த வருசம் நான் முதல்லேருந்து செம்மண்ணுல நிக்கணும். வயசு இருக்கா எனக்கு?" அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. எனக்கு அந்த ஜெயந்தியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் மிச்சப் பொங்கல் முழுவதையும் பருக்கை விடாமல் குவியலிலிருந்து பிரித்து, இரண்டு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, ஜெயந்தியைக் கூப்பிட்டார். நானும் போனேன், சண்டை வந்தால் அங்கிள் பக்கம் நிற்க.

"குப்பத்தொட்டில போட்டுருங்கம்மா" என்றார்.

"அபசாரம் அங்கிள். நான் மாட்டேன்."

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"ரக்கூன் வாய் வச்சதை எப்படி ஆத்துக்குள்ள கொண்டு போறது?"

"கராஜ்ல வைங்க."

"கார் நிக்கறதே."

"உன் வீட்டுக் கார் ரெண்டு நாள் மழையில நின்னா கரைஞ்சு போயிடாது ஜெயந்தி" என்றேன் நான்.

"அவர் என்னையே வெளியில நிறுத்திடுவார்" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது.

பிரசிடென்ட் அம்மா வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குவியலுக்கு ஆகாது. குப்பைத்தொட்டிக்கு ஆகாது. வீட்டுக்கும் ஆகாது. அங்கிள் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். "புதைச்சிருவோம்" என்றார் கடைசியில். "பின்னால வேண்டாம், ரக்கூனுக்கு வழி தெரிஞ்சுபோச்சு. வாசல்ல, ரோஜாச் செடிப் பக்கத்துல. ஆழமா."

நோன்பு வைத்த மனுஷன் குழி வெட்டுவதை நின்று பார்க்க முடியுமா? மண்வெட்டியை நான் வாங்கினேன். செம்மண் இறுகிக் கிடந்தது. இடுப்பு கழன்றுவிட்டது. வேலைக்கு வந்த இடத்தில் எனக்கு இது தேவையா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெட்டினேன். இரண்டு தட்டும் அகலம், ஆகையால் குழி நீளமாகப் போனது. அடியில் அங்கிள் இலை பரப்பினார். பொங்கலை இறக்கி மண்ணைத் தள்ளி மேடாக்கினோம். மறுபடி தோண்டாமல் இருக்க அவர் கல் அடுக்கினார், தலைமாட்டில் ஒரு பெரிய கல்லாக. பிரசாதமாயிற்றே என்று ஜெயந்தி மேலே சாமந்திப் பூவைத் தூவினாள். அதற்குள் பாராயண குரூப்பில் நாலு பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, தலைகுனிந்து நின்றோம். தங்கள் சாமி சோற்றை மண்ணில் போடுகிறார்களே என்ற துக்கம் அவர்களுக்கு. இடுப்பு வலி எனக்கு.

நிமிர்ந்து பார்த்தால் பிரசிடென்ட் அம்மா நிற்கிறார்.

அவர் மேட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மண் அப்பிய எங்கள் கைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஐ ஆம் ஸோ ஸாரி" என்றார் அங்கிளிடம். "உங்களோட எவ்வளவு நாளா இருந்தது?"

அங்கிள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமையிலேருந்து" என்றார் இங்கிலீஷில்.

"அடடா. அவ்வளவு சின்னதா" என்று அவர் அங்கிளின் தோளைத் தொட்டார். குவியலைப் பார்க்கவே இல்லை, இன்றைக்கு அதற்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அம்பாள் காப்பாத்திட்டா" என்றாள் ஜெயந்தி.

அங்கிள் படியில் உட்கார்ந்துவிட்டார். "நோன்பு வாயால பொய் சொல்லிட்டேனேம்மா."

"நீங்க எங்க அங்கிள் பொய் சொன்னீங்க? செவ்வாய்க்கிழமைதானே அது வந்துது?"

"அவங்க ஸாரி சொன்னாங்க. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். எனக்கு வர வேண்டியது இல்லையே அது."

"அங்கிள், நாலு வருசத்து மண்ணு. பேசாம உள்ள போய்ப் படுங்க" என்று அதட்டினேன். கேட்கிற ஆளா? எழுந்து நேராக எதிர்வரிசைக்கு நடந்தார். தடுக்கப் பின்னாலேயே ஓடினேன். அவர் கதவைத் தட்டியே விட்டார்.

"மேடம். யாரும் சாகல. அது சோறு. ஸ்வீட் ரைஸ். நெய் போட்டது. என் குவியல்லதான் இருந்தது. நீங்க நோட்டீஸ் கொடுக்கலாம்."

பிரசிடென்ட் அம்மா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். "ஓகே" என்றார். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க." கதவை மெதுவாகச் சாத்தினார்.

நோட்டீஸ் வரவில்லை. திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை. இலை லாரி பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துவிட்டது. பிரசிடென்ட் அம்மா தினம் காலையில் நடந்து போகும்போது மேட்டின் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். வியாழக்கிழமை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி மஞ்சள் சாமந்தி இருந்தது.

"நம்பலியே அவங்க" என்று அங்கிள் தவித்தார். ஜெயந்தியைப் புதிதாக ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் செய்யச் சொல்லி, சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு மறுபடி போனார். "மேடம், உள்ள இருக்கறது இதுதான்." அந்த அம்மா ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கிண்ணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"இன்னொரு தடவை போய்ப் பாருங்களேன்" என்று நான் கிண்டலாகச் சொன்னேன்.

"போக மாட்டேம்மா. மூணாந்தடவையும் போனா அது உண்மை சொல்றதில்ல, இம்சை பண்றது. அவங்களுக்கு அது ஏதோ வேண்டியிருக்கு போல."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஜெயந்தி சுண்டல் கொண்டு வந்திருந்தாள், நான் வழக்கமான டப்பாவோடு நின்றேன், அங்கிள் அதில் மூக்கை விட்டுக்கொண்டிருந்தார். பிரசிடென்ட் அம்மா ஒரு சின்ன அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இதில் என் நாயின் சாம்பல் இருக்கிறது" என்றார். ஜூலையிலிருந்து மைக்ரோவேவ் மேலே வைத்திருந்தாராம். அவர் வீட்டில் மண் கிடையாது. பொது இடத்தில் எதையும் புதைக்கக் கூடாது என்று விதி, அந்த விதியை எழுதியவரே அவர்தான். சொந்த லாட்டில் புதைத்தால் சங்கம் கேட்காது. உங்களுடையதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் தருவீர்களா என்று கேட்டார்.

அங்கிள் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "மேடம், சத்தியமா சொல்லுதேன், உள்ள இருக்கறது சோறுதான்."

"தெரியும்" என்றார் அவர். "அன்றைக்கு என் வாசலில் வந்து நீங்கள் சொன்னபோதே நம்பினேன். என் ஷூவில் ஒட்டியிருந்ததும் அதுதானே." மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சோற்றுக்காக நீங்கள் எல்லாம் அப்படி நின்றீர்கள். என் நாய் போனபோது பக்கத்தில் நிற்க யாரும் இல்லை."

ஜெயந்தி சுண்டல் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். முகத்தில் நிஜமான கவலை. "ஏம்மா," என்றார் தாழ்ந்த குரலில், "சாம்பல் சைவமா, அசைவமா?"

நான் ஜெயந்தியைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் சாஸ்திரம் பேசுகிற ஜெயந்தி, "சாம்பலான பிறகு எல்லாம் ஒண்ணுதான் அங்கிள்" என்றாள்.

அவர் மண்வெட்டியை எடுத்தார். நான் கேட்டும் கொடுக்கவில்லை. நாக்கு வறண்டு போயிருந்த மனுஷன், அந்த நாயைக் கண்டால் தெருவைக் கடந்த மனுஷன், பொங்கல் மேட்டுக்குப் பக்கத்தில் தானே வெட்டினார், ஆழமாக, அடியில் இலை பரப்பி. சாம்பலை அந்த அம்மாவே போட்டார். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

"இங்க யாரு காலும் படாது மேடம்" என்று அங்கிள் இங்கிலீஷில் சொன்னார்.

அந்த அம்மா தலையாட்டினார். காலிப் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிள் அதை மெதுவாக வாங்கினார். ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

"எண்ணெய் பட்டுச்சா?" என்று தமிழிலேயே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"இல்லை. எண்ணெய் எதுவும் படவில்லை" என்றார் பிரசிடென்ட் அம்மா.

அங்கிள் பெட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டே பின்பக்கம் போனார். அந்த அம்மாவும் அவர் பின்னாலேயே போனார். வேலி வாசலுக்கு வந்ததும் நின்றார். அன்றைய பூவைக் கொட்ட வந்தவர்களின் செருப்புகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. அவற்றைப் பார்த்தார். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்.